தக்காளி விளம்பரத்தில் மாதாவைக் கண்ட கன்னியாஸ்திரி

கேள்வி இது: “பாப் ஆர்ட் என்றாலே ஆண்டி வார்ஹோல், சூப் டப்பா, மர்லின் மன்றோ என்றுதான் சொல்கிறார்கள். அதே காலத்தில் ஒரு கத்தோலிக்க கன்னியாஸ்திரியும் பாப் ஓவியராக இருந்தார், போரை எதிர்த்து அச்சுப்படங்கள் போட்டார், பிறகு மடத்தை விட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? யார் அவர்?”

உண்மைதான். விளம்பரம், கடைச் சரக்கு, சினிமா முகம் என்று அன்றாடம் கண்ணில் படுவதையே எடுத்து ஓவியமாக்குவதுதான் பாப் ஆர்ட். நீங்கள் கேட்டவர் பெயர் கொரீட்டா கென்ட். மடத்தில் இருந்தபோது சிஸ்டர் மேரி கொரீட்டா. நான் சில வருடங்கள் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். அந்த வழியாகத்தான் இவரிடம் வந்து சேர்ந்தேன். அதனால் இந்தப் பதிலில் மை வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1918 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் ஃபிரான்சஸ் எலிசபெத் கென்ட். ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் ஆறு பிள்ளைகள். சிறு வயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது. 1936இல், பதினெட்டு வயதில், மரியாவின் மாசற்ற இருதய சபையில் சேர்ந்தார். கனடாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். பிறகு சபையே ஹாலிவுட்டில் நடத்திவந்த இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரிக்கு ஓவியம் கற்பிக்க அனுப்பப்பட்டார். 1951இல் கலை வரலாற்றில் முதுகலைப் பட்டம். இதுவரை படித்தால் எந்த மடத்துக்கும் பொருந்துகிற வாழ்க்கைக் குறிப்புதான்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கை அவர் கற்றுக்கொண்டது கிட்டத்தட்ட தற்செயல். முதுகலை முடிக்கும் சமயம் கல்லூரியில் சும்மா கிடந்த ஒரு ஃபிரேமை எடுத்துத் தானே முயன்று பார்த்திருக்கிறார். சரியாக வரவில்லை. ஆல்ஃபிரேடோ ராமோஸ் மார்டினேஸ் என்ற மெக்சிகோ ஓவியரின் மனைவி மரியா அந்த ஊரில் இருந்தார். அவர்தான் முறையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்படிப் பழகி அச்சிட்ட ஆரம்பகாலப் படம் ஒன்றே 1952இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மஞ்சப்பையில் கடைப்பெயர் போடுவது இப்படித்தான். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய துணி. மை இறங்கக்கூடாத இடத்தை அடைத்துவிட்டு, மேலே மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த ஸ்க்வீஜியால் ஒரே இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் நான்கு முறை மேசைக்கு வர வேண்டும், ஒவ்வொரு முறையும் காய வேண்டும். அரை நூல் நகர்ந்தாலும் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கொரீட்டாவுக்கு வருடம் முழுக்க வகுப்பு, ஜெபம், மடத்து வேலைகள். அச்சிட நேரம் கிடைத்ததே ஆகஸ்ட் விடுமுறையில்தான், மூன்று வாரம் போல. மாணவிகளையும் மற்ற கன்னியர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அந்த வருடத்துப் படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் அடித்து முடிப்பார். இந்த அவசரம் படங்களில் தெரியும். எனக்கு அது பிடிக்கும்.

50களில் அவர் செய்தவை கனமான படங்கள். விவிலியக் காட்சிகள், நிறத்தின் மேல் நிறம், பழைய தேவாலயத்துச் சுவரோவியம் மாதிரி. நல்ல படங்கள்தான், ஆனால் அவற்றோடு நின்றிருந்தால் இன்று யாரும் அவரைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

திருப்பம் 1962. அந்தக் கோடையில் லாஸ் ஏஞ்சல்சின் ஃபெரஸ் கேலரியில் வார்ஹோலின் 32 சூப் டப்பா ஓவியங்கள் மாட்டப்பட்டன. கொரீட்டா போய்ப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கண்ணில் பட்டதெல்லாம் வார்ஹோல் படம் மாதிரியே தெரிந்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதே வருடம் ‘வொண்டர் பிரெட்’ என்ற ரொட்டி உறையை எடுத்துக்கொண்டார். சிவப்பு, மஞ்சள், நீலப் பொட்டுகள் போட்ட உறை அது, அங்கே எல்லா வீட்டு அடுப்படியிலும் கிடப்பது. உறையை அப்படியே வரையாமல் பொட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துத் தாளில் வைத்தார். தேவாலயப் பூசை கண்டவர்களுக்கு அந்த வட்டங்கள் வேறொன்றை நினைவூட்டும். பூசையில் கொடுக்கும் வட்டமான நற்கருணை அப்பம்.

வார்ஹோலுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வார்ஹோல் டப்பாவைக் காட்டிவிட்டு வாயைத் திறக்க மாட்டார். கிண்டலா, பாராட்டா, அலுப்பா, நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். கொரீட்டா விளம்பரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைக்காரன் சொல்லத் தெரியாமல் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டான் என்பது அவர் கட்சி. ‘ஜெனரல் மில்ஸ்’ என்ற தானிய உணவு நிறுவனம் தன் அடையாளமான பெரிய ‘ஜி’ எழுத்து நல்ல குணத்தைக் குறிக்கிறது என்று விளம்பரம் செய்தது. ஆங்கிலத்தில் கடவுளுக்கும் அதே எழுத்துதான் தொடக்கம் என்பதைக் கன்னியாஸ்திரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964இல் அதை அச்சிட்டார். உங்கள் வண்டி டாங்கில் ஒரு புலியை விடுங்கள் என்றது எஸ்ஸோ பெட்ரோல். அந்தப் புலியையும் பிடித்து வந்தார். ரிச்ஃபீல்ட் பெட்ரோல் விளம்பரத்தின் ‘பவர் அப்’ 1965இல் நான்கு தாள் அகலத்துக்கு நீண்ட படமானது. ராட்சத எழுத்துகளுக்கு உள்ளே பொடி எழுத்தில் டேனியல் பெரிகன் என்ற பாதிரியாரின் வாசகம் ஓடும். தூரத்தில் நின்றால் பெட்ரோல் பங்க், கிட்டே போனால் பிரசங்கம்.

எழுத்தை அவர் வளைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இன்று கணினியில் ஒரு சொல்லை அலை மாதிரி நெளிய வைக்க ஐந்து விநாடி போதும். அவர் பத்திரிகை விளம்பரத்தைக் கிழிப்பார், கசக்குவார், மடிப்பார். கசங்கிய தாளை அப்படியே புகைப்படம் எடுப்பார். அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தின் வடிவத்தைக் கையால் ஸ்டென்சிலாக வெட்டுவார். அதனால்தான் அவருடைய எழுத்துகள் காற்றில் ஆடுகிற துணி பேனர் மாதிரி இருக்கும். சில சொற்கள் தலைகீழாக நிற்கும், சில கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் செலவழித்து, கண்ணில் பட்டதுமே புரிய வேண்டும் என்று அமைத்த வாசகத்தை, நின்று நிதானமாகப் படிக்க வைத்துவிடுகிறார். அவருடைய வேலையிலேயே நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

இனி தலைப்பில் சொன்ன தக்காளி. டெல் மான்டே நிறுவனம் தன் டப்பாத் தக்காளிதான் இருப்பதிலேயே சாறு மிகுந்தது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. சாமுவேல் ஐசன்ஸ்டைன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் கொரீட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். டெல் மான்டே தக்காளிதான் சாறு மிகுந்தது என்று ஒரு பலகை சொல்லலாம் என்றால், அன்னை மரியாதான் எல்லாவற்றிலும் சாறு மிகுந்த தக்காளி என்று சேர்த்துச் சொல்வது நிந்தனை ஆகாது என்பது அதன் சாரம். கொரீட்டா 1964இல் அதையே படமாக்கினார். படத்தில் தக்காளி கிடையாது, முழுக்க எழுத்துதான். அன்றைய அமெரிக்கப் பேச்சில் தக்காளி என்றால் அழகான பெண் என்றும் பொருள் உண்டு. (சென்னைத் தமிழில் தக்காளிக்கு இருக்கிற பொருளை இங்கே விட்டுவிடுவோம்.) மாதா மன்றாட்டு மாலையில் மரியாவை ரோசா மலர் என்கிறோம், தந்தக் கோபுரம் என்கிறோம், பொன் ஆலயம் என்கிறோம். யாரோ ஒரு காலத்தில் தன் கண்ணெதிரே இருந்த நல்ல பொருளை எடுத்து அவளுக்குச் சூட்டியவைதான் அத்தனையும். கொரீட்டாவின் கண்ணெதிரே இருந்தது சூப்பர்மார்க்கெட். மேலிடம் இதை இப்படிப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரிக்கு எதிரே ‘மார்க்கெட் பாஸ்கெட்’ என்று ஒரு பலசரக்குக் கடை இருந்தது. மாணவிகளை அங்கே அழைத்துப் போவார். எல்லார் கையிலும் நடுவே சின்னச் சதுர ஓட்டை போட்ட அட்டை ஒன்று இருக்கும். படம் இல்லாத வெற்று ஸ்லைடு சட்டமும் போதும். அதைக் கண்ணருகே பிடித்து ஓட்டை வழியாக மட்டும் பார்க்க வேண்டும். கடை முழுதாகத் தெரியாது. ஒரு சோப்பு டப்பாவின் மூலை, விலைச்சீட்டின் பாதி, ஆரஞ்சுப் பழத்தின் வளைவு, அவ்வளவுதான் தெரியும். நான் வெறும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓட்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், அரை மணி நேரம் போவது தெரியாது.

அவருடைய வகுப்புக்கு ஒரு விதிப்பட்டியல் உண்டு, மொத்தம் பத்து. தவறு என்று எதுவும் இல்லை, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, செய்வது மட்டுமே உண்டு என்பது அதில் ஒன்று. படைப்பதையும் அலசுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதே என்பது இன்னொன்று. இணையத்தில் இது ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரின் பெயரில் சுற்றுகிறது. பத்தாவது விதியில் அவர் சொன்னது ஒன்று மேற்கோளாக வருகிறது. அதை வைத்து முழுப் பட்டியலையும் அவருக்கே எழுதி வைத்துவிட்டார்கள். கேஜ் அந்தக் கல்லூரிக்கு வந்துபோனவர்தான். வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ், கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், இயக்குநர் ஹிட்ச்காக் என்று வந்தவர்கள் வரிசை நீளம். கன்னியர் நடத்திய சின்ன மகளிர் கல்லூரி அது.

சரி, நீங்கள் கேட்ட போர் எதிர்ப்பும் மடத்தை விட்டுப் போனதும் எங்கே வருகிறது?

1962 முதல் 1965 வரை ரோமில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நடந்தது. மக்கள் மொழியில் பூசை, உலகத்தை நோக்கித் திறந்த திருச்சபை, துறவற சபைகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை. இந்தச் சபைக் கன்னியர்கள் அந்த ஆணையை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். கல்லூரியில் வருடா வருடம் மாதா நாள் கொண்டாடுவார்கள், அடக்கமான ஊர்வலம். 1964இல் கொரீட்டா அதைத் திருவிழாவாக மாற்றினார். பூ, பலூன், பாட்டு, கடைகளில் இருந்து வாங்கி வந்த உணவு விளம்பரப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் மாணவிகள். உலகத்தின் பசிதான் அந்த வருடத்துப் பேசுபொருள். அதே வருடம் அச்சிட்ட ஒரு படத்தில் மறுபடியும் வொண்டர் பிரெட் உறை வருகிறது, இந்த முறை சத்துச் சேர்த்த ரொட்டி என்ற வாசகத்தோடு. பக்கத்தில் கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி சொன்ன வார்த்தைகள், அப்புறம் காந்தியின் வாசகம். பசித்தவர்களுக்குக் கடவுள் ரொட்டியாக வந்தால்தான் உண்டு என்று காந்தி சொன்னது. 1962இன் பொட்டுகளையும் 1964இன் இந்த ரொட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது புரியும்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. ஆறு நாளில் 34 பேர் இறந்தார்கள். கொரீட்டா அந்த நாட்களின் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் முதல் பக்கத்தை எடுத்து, பக்கவாட்டில் திருப்பி, கூடவே சிவப்பு நிறமும் கையெழுத்து வரிகளும் சேர்த்து அச்சிட்டார். படத்தின் பெயர் ‘என் மக்கள்’. அந்த வருடம் கிறிஸ்துமசுக்கு நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு அட்டைப் பெட்டிகளால் ஒரு காட்சி அமைத்தார். தலைப்பு ‘பூமியில் சமாதானம்’. கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டைகளில் காலங்காலமாக வரும் வாசகம். ஆனால் வியட்நாம் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் என்பதால் போர் எதிர்ப்பு என்று புகார் வந்தது, காட்சியை மாற்றினார்கள்.

1967 கிறிஸ்துமஸ் நாளிட்ட நியூஸ்வீக் இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது, நவீனமாகும் கன்னியாஸ்திரி என்று. அட்டைப்படம் வந்தால் வேலை எளிதாகும் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். லாஸ் ஏஞ்சல்ஸ் பேராயர் கர்தினால் ஜேம்ஸ் மெக்கின்டயர் இந்தச் சபை மேல் ஏற்கெனவே கடும் கோபத்தில் இருந்தார். கன்னியர் கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அங்கி கட்டாயம் வேண்டாம், ஜெப நேரத்தை வேலைக்கேற்ப வைத்துக்கொள்கிறோம், தகுதி பெறாத சகோதரிகளை நெரிசலான வகுப்பறைக்குள் தள்ளாதீர்கள். அவ்வளவுதான். அப்படியென்றால் மறைமாவட்டப் பள்ளிகளிலேயே நீங்கள் கற்பிக்க வேண்டாம் என்பது கர்தினாலின் பதில். இழுபறியின் முடிவில், 1970இல், 300க்கும் மேற்பட்ட சகோதரிகள் ஒன்றாகத் தங்கள் துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாட்டிலிருந்து விலகி, ரோமின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு சமூகமாக அமைந்தார்கள். தலைமைச் சகோதரி அனிட்டா காஸ்பரியும் அவர்களில் ஒருவர்.

கொரீட்டா அதற்கு முன்பே போய்விட்டார். 1968இல் விடுப்பு எடுத்துக்கொண்டு கேப் காட் கடற்கரைக்கு, ஒரு தோழியின் இடத்துக்குப் போனார். ஆள் முழுக்கச் சோர்ந்திருந்தார், தூக்கம் இல்லை. அங்கிருந்து மடத்துக்குத் திரும்பவில்லை. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது, அதில் 32 வருடம் கன்னியாஸ்திரி. பாஸ்டனில் தனியாக வீடு பார்த்துக் குடியேறினார். இதைக் கர்தினால் துரத்தினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு, சுதந்திரத்துக்காகச் சிறையை உடைத்தார் என்று எழுதுகிறவர்களும் உண்டு. வகுப்பு, சொற்பொழிவு, பேட்டி, அச்சு என்று நிற்க நேரமில்லாமல் ஓடிய ஒரு பெண் களைத்துப்போனார் என்பதை நான் இவை இரண்டுக்கும் முன்னால் வைப்பேன்.

வெளியே வந்ததும் செய்தவைதான் அவருடைய மிகக் கூர்மையான அரசியல் படங்கள். 1968, 69இல் வந்த ‘வீரர்களும் வீராங்கனைகளும்’ வரிசை, 29 படங்கள். மார்ட்டின் லூதர் கிங், கென்னடி சகோதரர்கள், விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ். பவர் அப் படத்தில் வந்த அதே பெரிகன், தன் தம்பி ஃபிலிப்போடும் வேறு ஏழு பேரோடும் 1968 மே மாதம் கேட்டன்ஸ்வில் என்ற ஊரில் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகக் கோப்புகளை வெளியே எடுத்து வந்து, வியட்நாமில் குண்டாகப் போடப்பட்ட நாபாம் என்ற எரிபொருளை வீட்டிலேயே தயாரித்து ஊற்றி எரித்தார். சகோதரர்கள் இருவரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். என்னை அதிகம் நிறுத்திவைக்கிற படம் ‘இந்த வாரச் செய்தி’. வார இதழ் அட்டைகளில் வந்த வியட்நாம் போர்ப் புகைப்படங்கள். அவற்றோடு அடிமைக் கப்பலில் மனிதர்களை எப்படி வரிசையாக அடுக்கினார்கள் என்று காட்டும் பழைய வரைபடம். கூடவே கவிஞர் வால்ட் விட்மனின் வரிகள். இங்கே கொரீட்டா எந்தச் சொல்லையும் வளைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு சரி.

அதற்குப் பிறகு வந்தவை பற்றி எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. 70களில் நிறைய வெளி வேலைகள் எடுத்தார், அச்சிடுவதைப் பிறரிடம் கொடுத்தார். நீர்வண்ணம், வானவில், பூக்கள், இதமான வாசகங்கள். வாழ்த்தட்டைக் கடையில் வைத்தால் பொருந்தும். கிழித்த விளம்பரத்தின் முரட்டுத்தனம் போய்விட்டது. 1974இல் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் இந்தக் குறையை உரக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் காலத்து வேலையில் ஒன்று மட்டும் விதிவிலக்கு. 1971இல் பாஸ்டன் கேஸ் நிறுவனம் டார்செஸ்டர் கடலோரத்தில் இருந்த தன் ராட்சத எரிவாயுத் தொட்டிக்கு வண்ணம் பூசக் கேட்டது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு மேல் உயரம். கொரீட்டா ஒரு சின்ன மாதிரித் தொட்டியின் மேல் தூரிகையால் ஆறு நிறங்களை இழுத்துக் கொடுத்தார். விளம்பரப் பலகை எழுதுகிற தொழிலாளர்கள் அதைத் தொட்டியில் பெரிதாக்கினார்கள். நெடுஞ்சாலையில் போகிற எல்லார் கண்ணிலும் படும். நீலப் பட்டையின் ஓரத்தைப் பார்த்த சிலர், மூக்கும் தாடியுமாக வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் பக்கவாட்டு முகம் தெரிகிறது என்றார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அப்படி எதுவும் இல்லை என்றார் கொரீட்டா. நான் புகைப்படத்தில் பார்த்தவரை, சொன்ன பிறகு முகம் தெரியத்தான் செய்கிறது, ஆனால் நம் ஊர் மலைகளில் படுத்திருக்கும் யானை தெரிகிற மாதிரிதான். அந்தத் தொட்டியை 1992இல் இடித்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, பக்கத்துத் தொட்டியில் அதே வானவில்லைத் திரும்ப வரைய வைத்தார்கள். இன்றும் இருக்கிறது.

1985இல் அமெரிக்கத் தபால் துறை அவருடைய ‘லவ்’ அஞ்சல் தலையை வெளியிட்டது. 22 சென்ட், சில வண்ண இழுப்புகள், கீழே அவர் கையெழுத்தில் அந்த ஒரு சொல். 70 கோடிக்கு மேல் விற்றது. வெளியீட்டை ஐக்கிய நாடுகள் சபையில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தபால் துறையோ ‘லவ் போட்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் அரங்கில் வைத்துவிட்டது. அவர் போகவில்லை. ‘அன்பு கடினமான வேலை’ என்று இன்னொரு படம் அச்சிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான், போரில்லாத வாழ்வை நம்மால் உருவாக்க முடியும் என்ற வாசகத்தோடு அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர்கள் அமைப்புக்காகச் சாலையோர விளம்பரப் பலகை ஒன்றை வடிவமைத்திருந்தார். விளம்பரப் பலகையைத் திருடித் தொடங்கியவர் கடைசியில் சொந்தமாக ஒன்றை நட்டுவிட்டார். 1986 செப்டம்பர் 18 அன்று பாஸ்டனில் காலமானார். வயது 67. கிட்டத்தட்ட 800 அச்சுப்படங்களும் ஆயிரக்கணக்கான நீர்வண்ணங்களும் விட்டுப்போனார்.

வார்ஹோல் அளவுக்கு ஏன் பெயர் இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். பெண், அங்கி அணிந்தவர், கலை உலகின் பார்ட்டிகளுக்குப் போகாதவர் என்பதெல்லாம் உண்டு. பட்டறை ஆளாக எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அவர் தன் அச்சுகளை மலிவாக விற்றார், யார் வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று. மலிவாகப் பலர் வீட்டுச் சுவரில் தொங்குவதை ஏலக்கடைக்காரர்கள் சீண்டுவதில்லை. 2015இல் ஹார்வர்ட் அருங்காட்சியகம் அவரை வார்ஹோல், இன்னொரு பாப் ஓவியரான லிக்டன்ஸ்டைன் ஆகியோரின் படங்களோடு ஒரே கூடத்தில் மாட்டிக் காட்டிய பிறகு பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது.

அந்த ஆகஸ்ட் அச்சு வேலைகள் நடந்த பட்டறை, ஹாலிவுட்டில் பிராங்க்ளின் அவென்யூவில் இருக்கும் ஒரு சாதாரண ஒற்றை மாடிக் கட்டடம். அதை இடிக்கப் பார்த்தார்கள். பலர் போராடி, 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இடிக்க நினைத்தது எதற்கு என்கிறீர்கள்? பக்கத்தில் வரவிருந்த ஒரு பலசரக்குக் கடைக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று.